தண்ணீர் ஏறாத மிஷின்

நொய்யல் கரையில் ஒரு சின்ன மடம். அதை நடத்தியவர் ஒரு பெண் துறவி. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அம்மா. சமையற்கட்டு சென்னியப்பன் பொறுப்பு. அம்மாவைவிடப் பத்து வயது மூத்த சீடர். சுத்தம் என்றாலும் அவர்தான், சத்தம் என்றாலும் அவர்தான்.

அந்த மடத்தில் அமாவாசை மௌன நாள். அன்று மனிதர்கள் மட்டுமல்ல, குழாய்கூடச் சொட்டக் கூடாது என்று ஒரு வழக்கம். வேண்டிய தண்ணீரை அண்டாக்களில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். முந்தின சாயங்காலம் சென்னியப்பன் ஒவ்வொரு குழாயாக இறுக்கி மூடிக்கொண்டே வருவார். மௌனம் முடிந்து விடிந்ததும் அவரே திறந்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்த மாதம் திருப்பூர் பக்தர் ஒருவர் பாத்திரம் கழுவும் மிஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். தட்டும் டம்ளரும் மிஷினுக்கு, அண்டாவும் குண்டாவும் மட்டும் பழையபடி ராமாத்தாளுக்கு என்று ஆயிற்று. வருஷக்கணக்காக அங்கே பாத்திரம் தேய்க்கிறவள் அவள். மிஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எத்தன நாளைக்குன்னு நானும் பாக்கறனுங்க" என்று சிரித்தாள்.

அமாவாசை வந்தது, போனது. மறுநாள் காலை சென்னியப்பன் தட்டுகளை அடுக்கிப் பொத்தானை அமுக்கினார். மிஷின் முனகியது. தண்ணீர் ஏறவில்லை. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

சென்னியப்பன் விடுகிற ஆளா? கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். சாத்தியிருந்தது. பக்கத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. பின்னால் போகிற ஹோஸ் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். மடங்கவில்லை. உள்ளே அடியில், தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவையைத் தூக்கி விட்டார். அதுவும் ஒழுங்காகவே ஏறி இறங்கியது. எல்லாம் சரியாக இருக்கிறது, மிஷின் மட்டும் ஓடவில்லை. அப்படியென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அவர் புத்தி அங்கேதான் போயிற்று.

மதியப் பந்தி. எல்லாரோடும் ராமாத்தாளும் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் அவள் எதிரே வந்து நின்றார்.

"ஏம்மா ராமாத்தா, வயித்தெரிச்சல்ல மிஷின என்ன பண்ணி வெச்ச?"

பந்தி முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

"ஐயோ சாமி, நான் அதத் தொடவே இல்லீங்க."

"தொடாமயே கெட்டுப்போச்சாக்கும்?"

அவள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தாள். கையைக் கழுவினாள், போய்விட்டாள். அந்த மடத்துச் சோற்றில் ஒரு பருக்கைகூட மீதம் வைத்தவள் இல்லை அவள். பந்தி முடிவதற்குள், சாமான் அறைச் சாவியை இனி அவள் கையில் கொடுக்க வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பக்கத்து ஊருக்குப் போயிருந்த அம்மா மூன்று மணிக்குத்தான் திரும்பினார். சென்னியப்பன் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"கூடவே இருந்து குழி பறிக்கறவங்கள எப்படிங்கம்மா பொறுத்துக்கறது?"

"ராமாத்தா சாப்பிட்டுட்டுப் போனாங்களா?"

"இல்லீங்க."

அம்மா எழுந்து சமையற்கட்டுக்கு நடந்தார்.

"இதுக்கு எந்த வழியாத் தண்ணி வருது?"

"பின்னால செவத்துல தனியா ஒரு வால்வு இருக்குதுங்க. அதுல இருந்து ஹோஸ் வழியா வருது."

"வால்வு தொறந்திருக்குதா?"

"அது எப்பவும் தொறந்துதானுங்க..."

அவர் தரையில் படுத்து, மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் கையை நுழைத்தார். வால்வு இறுக மூடியிருந்தது. அப்படி இறுக்கியது யார் என்று அந்தக் கைக்கே தெரிந்துவிட்டது. அமாவாசைக்கு முந்தின நாள் புது வால்வையும் விட்டுவைக்காமல் மூடியிருந்தார். விடிந்ததும் பழைய குழாய்களை மட்டும் பழக்கத்தில் திறந்துகொண்டே போயிருந்தார்.

இரண்டு கையாலும் திருகித் திறந்தார். அம்மா பொத்தானை அமுக்கினார். மிஷினுக்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது.

சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தானுங்கம்மா மூடுனது."

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"பாவி நான். ஒரு பொம்பளைய சோத்து முன்னாடி வெச்சு..." அவருக்குத் தலையைத் தூக்கவே கூச்சமாக இருந்தது. "இனி ஒரு மாசத்துக்கு வாயே தொறக்க மாட்டனுங்க. மௌனம் இருந்துக்கறேன்."

"இருக்கற குழாயெல்லாம் மூடிப் பாத்தாச்சு. இதையும் மூடணுங்களா?"

வெளியே ராத்திரிப் பந்திக்கு யாரோ பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் பேசிக்கொள்வது கேட்டது. ராமாத்தாளின் பேர் அடிபட்டது. சென்னியப்பன் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

"அப்படீன்னா, பொழுது சாஞ்சதும் அவ வீட்டுக்குப் போறனுங்க. அக்கம்பக்கத்துல ஆளில்லாத நேரமாப் பாத்து, மன்னிச்சுக்கோன்னு கேட்டுட்டு வந்துடறேன்."

அம்மா அவருடைய ஈரக் கைக்குத் துண்டை எடுத்து நீட்டினார்.

"திட்டறதுக்கு அவங்க வீட்டுக்கா போனீங்க?"