கிழக்குச் சுவர்

“அம்மா, கிழக்குச் சுவரில் பெயிண்ட் நிற்க மாட்டேன் என்கிறது. நானும் மூன்று வருடமாகப் பூசிப் பூசிப் பார்க்கிறேன். எந்தப் பெயிண்ட் வாங்கினால் சரியாக வரும்?”

கேட்டவர் தணிகாசலம். வயது அறுபத்திரண்டு. சமவெளியில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மலை ஏறி, கோத்தகிரிக்கு மேலே தேயிலைச் சரிவில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் வந்து சேர்ந்திருந்தார்.

அவருடைய குரு அருளம்மை. சீடரைவிடப் பதினான்கு வயது இளையவர். அன்று அவர் சமையலறை வாசலில் உட்கார்ந்து, குக்கரின் ஆடும் கைப்பிடியைத் திருப்புளியால் முடுக்கிக்கொண்டிருந்தார்.

கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

ஆசிரமம் என்று பெயரே தவிர, அது ஒரு பழைய மரவீடு. மரச்சட்டங்களை நட்டு, வெளிப்புறமாகப் பலகைகளை ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறும்படி அடித்த சுவர்கள். மழை, வெயில், பனி எல்லாம் அந்தப் பலகைகளின் மேல்தான் விழும். உள்ளே இருப்பவர்களை அவைதான் காத்தன.

வீட்டைப் பராமரிக்கும் வேலை தணிகாசலத்துடையது. அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டது.

சாலையிலிருந்து மேலேறி வருபவர்கள் முதலில் பார்ப்பது கிழக்குச் சுவரை. அதற்கு இளநீலம் பூசியிருந்தார். சுவரை ஒட்டி மண்ணை அணைத்து, ஹைட்ரேஞ்சியாப் பூச்செடிகள் வைத்திருந்தார். வருபவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை. அப்போதெல்லாம் தணிகாசலம் ஒரு ஓரமாக நின்று செடியில் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருப்பார்.

அருளம்மை குக்கரைக் கீழே வைத்தார்.

“இந்த வீட்டில் எந்தச் சுவரின் பலகையை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?”

“தெற்குச் சுவர்,” என்றார் தணிகாசலம். யோசிக்கவே இல்லை.

தெற்குச் சுவர் காய்கறித் தோட்டத்துப் பக்கம் இருந்தது. யாரும் வராத பக்கம். பெயிண்ட் கண்டு எத்தனையோ வருடம். பலகைகள் சாம்பல் நிறமாகி, நீளவாக்கில் கோடு கோடாக வெடித்திருந்தன.

அருளம்மை திருப்புளியை அவரிடம் நீட்டினார்.

“குத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.”

தணிகாசலம் போனார். தெற்குச் சுவரில் பத்து இடத்தில் குத்தினார். ஓர் இடத்திலும் நகக்கண் அளவுக்குக்கூட முனை இறங்கவில்லை. விரல் மடக்கித் தட்டினார். கெட்டியான சத்தம் வந்தது. குனிந்து அடிப்பலகையை முகர்ந்தார். வெயில் பட்ட மரத்தின் வாசனை மட்டும் இருந்தது.

அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு வீட்டைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் வந்தார். நீலச் சுவரின் முன்னால் நின்றார். பெயிண்ட் அங்கங்கே கொப்புளம் போல உப்பியிருந்தது. பூச்செடிகளுக்குப் பின்னால், கீழே, ஒரு பலகையின் விளிம்பு அலை போல வளைந்திருந்தது.

திருப்புளியை உயர்த்தினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

குத்தவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

தெற்குச் சுவர் பார்க்கத்தான் அப்படி, மரம் இரும்பு மாதிரி இருக்கிறது என்று சொன்னார்.

“கிழக்கு?”

“அது நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. மேலே பெயிண்ட்தான் உரிகிறது.”

அருளம்மை அவர் முகத்தைப் பார்த்தார். தணிகாசலம் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார்.

“நாளையிலிருந்து மூன்று நாள் மத்தியான ஜபத்தைத் தியான அறையில் செய்ய வேண்டாம்,” என்றார் அருளம்மை. “மாதியின் அறையில் உட்கார்ந்து செய்யுங்கள்.”

மாதி ஆசிரமத்தில் சமைப்பவர். ஹட்டி என்று சொல்லும் பக்கத்து மலைக்கிராமத்தைச் சேர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும். பதினோரு வருடமாக அங்கேயே தங்கியிருந்தார். அவருடைய அறை கிழக்குச் சுவருக்குப் பின்னால் இருந்தது. தணிகாசலம் ஒருநாளும் அதற்குள் போனதில்லை. போக வேண்டிய அவசியம் வந்ததில்லை.

மாதிக்கு ஒரு வருடமாக இருமல் இருந்தது. மலைக்குளிர் என்று எல்லோரும் சொன்னார்கள். தணிகாசலமும் சொல்லியிருந்தார்.

முதல் நாள் அவர் பாயைக் கொண்டுபோய் அந்த அறையில் விரித்தார். மாதி சமையலறையில் இருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. ஆனாலும் உள்ளே ஒரு வாடை இருந்தது, ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. ஜபம் நூற்றெட்டு முடிவதற்குள் அவருக்குத் தலை கனத்தது.

 

இரண்டாம் நாள் மழை பெய்தது. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இது சும்மா எட்டிப் பார்த்த மழை. அரைமணி நேரத்தில் நின்றுவிட்டது.

வெளியே நின்ற பிறகும் சுவருக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் கண்ணைத் திறந்தார். கிழக்குச் சுவரின் உள்பக்கத்தில் அடித்திருந்த மெல்லிய பலகையில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கறுப்புப் புள்ளிகள் படர்ந்திருந்தன. ஆணித்தலைகளிலிருந்து துரு வழிந்து கோடு போட்டிருந்தது.

அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தார். கட்டில் சுவரோரமாக இல்லை. அறையின் நட்டநடுவில் கிடந்தது. மாதியின் சேலைகள் அலமாரியில் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மடித்துக் கட்டி, கட்டிலின் மேல் வைத்திருந்தார்.

இந்த அறையில் இருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சுவரை விட்டு விலகி வந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் அவர் உட்கார்ந்திருந்தபோது மாதி உள்ளே வந்தார். தலைவலி, கொஞ்சம் படுத்துக்கொள்ளட்டுமா என்று தயங்கிக் கேட்டார். தணிகாசலம் எழுந்து வெளியே போகிறேன் என்றார். வேண்டாம் சார், நீங்கள் சாமி கும்பிடுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

படுத்ததும் இருமல் தொடங்கியது. வாயில் சேலைத் தலைப்பை அழுத்திக்கொண்டு, சத்தம் வராமல் இரும முயன்றார். தோள் மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது.

தணிகாசலத்தின் விரலில் ஜபமாலை நின்றுவிட்டது.

அவர் எழுந்து வெளியே வந்தார். திருப்புளியை எடுத்துக்கொண்டு நேராகக் கிழக்குச் சுவருக்குப் போனார். செடிகளை விலக்கி, வளைந்திருந்த பலகையில் முனையை வைத்தார். பெரிதாக அழுத்தக்கூட இல்லை. பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்தபோது துளையிலிருந்து பழுப்பு நீர் வழிந்தது.

அதற்குப் பக்கத்தில் குத்தினார். மேலே குத்தினார். ஜன்னலுக்குக் கீழே, மூலையில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால். நீலத் தோலுக்குக் கீழே மரம் நனைந்த அவல் மாதிரி இருந்தது.

அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

அருளம்மை எப்போது வந்து பின்னால் நின்றார் என்று அவருக்குத் தெரியாது.

“எனக்கு முன்பே தெரியும் அம்மா,” என்றார் தணிகாசலம்.



நடந்ததை எல்லாம் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் குரு பூர்ணிமைக்கு வெளியூரிலிருந்து நிறையப் பேர் வருவதாக இருந்தது. பெயிண்ட் அடிக்குமுன் பழையதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஓர் இடத்தில் கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. அவர் அந்த ஓட்டையில் பெயிண்டர்கள் பூசும் பட்டி மாவைக் குழைத்து அடைத்தார், தேய்த்தார், மேலே இரண்டு கை பூசினார். சாயங்காலத்துக்குள் எந்த இடம் என்று அவருக்கே தெரியாதபடி ஆகிவிட்டது. பள்ளியில் இருந்தபோதும் ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் அப்படித்தான் செய்வார். அது அவருக்குக் கைவந்த வேலை.

“ஏன் கழற்றிப் பார்க்கவில்லை?”

“பயம். ஒரு பலகையை எடுத்தால் உள்ளே எது வரைக்கும் போயிருக்குமோ என்று பயம். வீடே போயிருந்தால் என்ன செய்வது?”

“இப்போது பயம் இல்லையா?”

“இருக்கிறது.”

“சரி,” என்றார் அருளம்மை. “கழற்றுங்கள்.”

போகும்போது நின்று, போன வாரம் மாதியை டாக்டரிடம் கூட்டிப்போனதைச் சொன்னார். டாக்டர் மருந்து எழுதுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். இவர் எங்கே தூங்குகிறார் என்று.

“என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நானும் அந்த அறைக்குள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது,” என்றார்.

அன்று மாலையே மாதியின் கட்டில் அருளம்மையின் அறைக்குப் போனது. அருளம்மை தரையில் பாய் விரித்துக்கொண்டார். மாதி எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். நடக்கவில்லை.

மறுநாள் கீழூரிலிருந்து சேசுராஜ் ஆசாரி வந்தார். சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பூச்செடிகளைப் பார்த்ததும் முதலில் அவற்றைப் பிடுங்கச் சொன்னார். மண் மரத்தைத் தொட்டால் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே இருக்கும், மேலே எத்தனை கை பெயிண்ட் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை, உள்ளே ஏறிய ஈரம் வெளியே போகவும் வழி இல்லாமல் அடைத்துவிடும் என்றார். பெயிண்ட் வருடா வருடம் உரிந்தபோதே பலகையைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். யார் மேலும் குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை.

தணிகாசலம் தன் கையாலேயே செடிகளைப் பிடுங்கினார். மண்ணை வெட்டி ஒரு முழ ஆழத்துக்கு இறக்கினார்.

பிறகு கடப்பாரையால் பலகைகளை நெம்பினார்கள். சில பலகைகள் பலகையாகவே வரவில்லை. கையில் அள்ளும்படி வந்தன.

உள்ளே ஏழு சட்டங்கள் இருந்தன. இரண்டின் அடிப்பாகம் மக்கியிருந்தது. ஐந்து திடமாக இருந்தன. தணிகாசலம் ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் குத்திப் பார்த்தார்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டார்.

“இப்போதைக்கு அவ்வளவுதான்,” என்றார் ஆசாரி. “இந்த மழையும் தாண்டியிருந்தால் வேற கதை.”

அந்த இரண்டு சட்டங்களுக்கும் கீழே புது மரம் இணைத்தார்கள். உள்பக்கத்து மெல்லிய பலகையும் ஊறிப்போயிருந்ததால் அதையும் எடுத்தார்கள். இப்போது அறைக்குக் கிழக்கே சுவரே இல்லை. ஏழு சட்டங்கள் மட்டும் நின்றன. அவற்றின் நடுவே காலை வெயில் அறைக்குள் நுழைந்து, கட்டில் கிடந்த இடம் வரைக்கும் வந்தது.

சில்வர் ஓக் பலகைகள் வந்து இறங்கின. ஆசாரி கணக்குப் பார்த்து அறுக்கத் தொடங்கினார்.

தணிகாசலம் வெளியே நின்று, சட்டத்தில் எஞ்சியிருந்த பழைய ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மாதி தன் தகரப்பெட்டியை எடுக்க அறைக்குள் வந்தார். திறந்து கிடந்த சுவரையும் அதற்கு அப்பால் இறங்கிப் போகும் சரிவையும் பார்த்தபடி நின்றார்.

இருவருக்கும் நடுவில் மரச்சட்டங்களைத் தவிர ஒன்றும் இல்லை.

தணிகாசலம் குறட்டைக் கீழே வைத்தார்.

“மாதியம்மா. இது மக்கியிருந்தது எனக்கு ரெண்டு வருஷமா தெரியும். தெரிஞ்சேதான் மூடினேன்.”

மாதி முகத்தில் கோபம் இல்லை. பெட்டியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார்.

“தெரியும் சார். அன்னிக்கு நான் இந்தப் பக்கம்தான் இருந்தேன். காய்ச்சல்னு படுத்திருந்தேன். நீங்க சுரண்டுற சத்தம் கேட்டுச்சு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“எழுந்து வர முடியலை. அதான் உள்ளேயிருந்து தட்டினேன்.”

தணிகாசலம் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“மூணு தடவை தட்டினேன்,” என்றார் மாதி. “நீங்க கையை நிறுத்தினீங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பூச ஆரம்பிச்சீங்க.”