கருவாயனும் மூன்று கிழங்கு உருண்டையும்

கருவேலங்காட்டின் ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளக்கரையில் கருவாயன் என்ற நாய் படுத்துக் கிடந்தது. அதன் பின்னங்காலில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஆனால் அது புண்ணைப் பார்க்கவில்லை. தெற்கே போகும் மண் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பாதையில்தான் அதன் மந்தை போயிருந்தது. நூற்று இருபது செம்மறி ஆடுகள், இரண்டு மேய்ப்பர்கள், ஒரு கழுதை. கருவாயன்தான் அந்த மந்தைக்குக் காவல். ஆனால் முள் ஏறிய கால் சீழ் பிடித்துவிட்டது. பத்தடி நடந்தால் நாலு தடவை உட்கார்ந்தது.

மந்தைக்குத் தலைவரான கொம்பன் கிடாய் போகும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

"டேய் கருவாயா! நாங்க தெக்கே வயக்காட்டுல தங்கி எருவுக்குக் கிடை போடப் போறோம். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில இதே குளக்கரை வழியாத்தான் மேற்கு மலைக்கு ஏறுவோம். அதுக்குள்ள காலைத் தேத்திக்க. ஓடி வந்து சேர்ந்துக்க!"

"ஓட முடியலைன்னா, மாமா?"

"மலையில செந்நாய் இருக்குடா! ஓட முடியாத காவக்காரனை வச்சுக்கிட்டு நாங்க உனக்குக் காவல் இருக்கிறதா? முடியலைன்னா வராதே!"

கொம்பனுக்குப் பின்னால் ஓர் ஆட்டுக்குட்டி நின்றது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அதற்குச் சுட்டி என்று பெயர். பிறந்த நாளிலிருந்து அது கருவாயன் முதுகில் மோவாயை வைத்துத்தான் தூங்கும். நாய் அசைந்தால் திட்டும்.

"அண்ணே, வந்துருவீங்கல்ல?"

"வராம எங்க போவேன்! நீ போய் மோவாயைக் கழுதை மேல வச்சுக்க."

"கழுதை உதைக்கும்ணே!"

மந்தை போய்விட்டது. மணியோசை தேய்ந்து தேய்ந்து காற்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு கருவாயனுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. முதுகில் கனம் இல்லாமல் எப்படித் தூங்குவது? ஒரு கல்லை முதுகில் உருட்டி வைத்துப் பார்த்தது. கல் கல்லாகத்தான் இருந்தது. மூச்சு விடவில்லை. ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லை என்று நினைத்து, சுட்டியைப் போலக் கத்திப் பார்த்தது. நாய் வாயில் அது "ம்ப்பே" என்று வந்தது.

குளத்துத் தவளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. "ம்ப்பே! ம்ப்பே! ஏண்டா, உங்க அம்மா ஆடா?"

கருவாயன் தெற்கே திரும்பிப் படுத்துக்கொண்டது.

நாள் போயிற்று. புண் ஆறவில்லை. பௌர்ணமிக்கு முந்திய இரண்டாம் நாள் விடிந்தபோது கருவாயனுக்குப் பயம் பிடித்தது. நாலாம் நாள் காலையில் மந்தை வந்துவிடும். நொண்டிக்கொண்டே முள்ளம்பன்றி வைத்தியரின் வளைக்குப் போயிற்று.

வைத்தியருக்கு உடம்பு முழுக்க ஊசி. ஆனால் யாருக்கும் அவர் ஊசி போட்டதில்லை. மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். அவர் புண்ணை முகர்ந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"இத்தனை நாள் என்ன பண்ணினே?"

"நக்கிக்கிட்டு இருந்தேன், வைத்தியரே."

"நல்ல வைத்தியம்! சரி, ரெண்டு வழி இருக்கு. சிவப்புக் கிழங்கை அரைச்சு உருட்டித் தர்றேன். மூணு நாள், காலையில ஒண்ணு. நாலாம் நாள் ஓடலாம். இன்னொண்ணு வேப்பம்பட்டைக் கழுவல். அது மெதுவாத்தான் ஆற்றும். ஒரு மாசம் ஆகும்."

"கிழங்கு! கிழங்கு! கிழங்கே குடுங்க!"

"குதிக்காதே. கிழங்கு எல்லா உடம்புக்கும் ஒத்துக்காது. அதனால முதல் உருண்டையை என் கண்ணெதிர்ல தின்னணும். இந்த மரத்து நிழல் என் வளை வாசலுக்கு வர்ற வரைக்கும் இங்கேயே உட்காரணும். அரிப்பு, தடிப்பு, குமட்டல், எது வந்தாலும் உடனே சொல்லணும். வந்தா கிழங்கை நிறுத்திட்டுக் கழுவல்தான்."

இது அவர் எல்லோருக்கும் வைத்திருக்கும் முறை. யானையே வந்தாலும் நிழல் வரும்வரை உட்கார வேண்டியதுதான்.

கருவாயன் உருண்டையை விழுங்கியது. கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு! நிழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. நிழல் பாதி தூரம் வந்தபோது கீழுதடு அரித்தது. பிறகு காது அரித்தது. கருவாயன் மனசுக்குள் கணக்குப் போட்டது. 'சொன்னால் கழுவல். கழுவல் என்றால் ஒரு மாசம். ஒரு மாசத்தில் சுட்டி மலை மேலே இருக்கும்.'

"ஏதாவது செய்யுதா?" என்று கேட்டார் வைத்தியர்.

"ஒண்ணுமே செய்யலை!"

"உதட்டை ஏன் தரையில தேய்க்கிறே?"

"அது... கசப்பு, வைத்தியரே! கசப்பைத் துடைக்கிறேன்!"

வைத்தியர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். நோயாளி சொல்வதைத்தானே வைத்தியர் நம்ப வேண்டும்? மிச்சம் இரண்டு உருண்டையையும் இலையில் மடித்துக் கொடுத்தார். "நாளைக்கு வந்து உடம்பைக் காட்டு. மறந்துராதே!"

கருவாயன் குளக்கரைக்குத் திரும்புவதற்குள் கீழுதடு பணியாரம் போல உப்பிவிட்டது. வயிற்றில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. அங்கே ஒரு கீரி உட்கார்ந்திருந்தது. காட்டில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் முதலில் வந்து கருத்துச் சொல்வது அதன் வழக்கம்.

"அட மச்சான்! என்ன இது, உதடு இப்படித் தொங்குது?"

"மருந்து சாப்பிட்டேன். ஒத்துக்கலையோன்னு பயமா இருக்கு."

"ஒத்துக்கலையா? யாரு சொன்னா? மருந்து வேலை செய்யுது மச்சான்! உடம்புல இருக்கிற கெட்ட நீரெல்லாம் மேலே ஏறி வெளியே வருது. அரிச்சாத்தான் மருந்து! வீங்கினாத்தான் குணம்! எங்க சித்தப்பாவுக்கும் இதே கிழங்குதான், இதே வீக்கம்தான்."

"சித்தப்பா இப்ப எப்படி இருக்காரு?"

"செத்துட்டாரு. அது வேற விஷயம்!"

தவளைகள் எட்டிப் பார்த்தன. "ஆமா! ஆமா! கெட்ட நீர்! கெட்ட நீர்!" என்று கோரஸ் பாடின. அவற்றுக்கு நீர் என்ற சொல்லைக் கேட்டாலே சந்தோஷம்.

கருவாயனுக்கு அந்தப் பேச்சு இனித்தது. அது நம்ப நினைத்ததைத்தானே கீரி சொன்னது!

மறுநாள் காலையில் இரண்டாம் உருண்டை. சற்று நேரத்தில் காது தடித்தது. இமை கனத்தது. இரண்டு தடவை வாந்தி வந்தது. ஆனால் காலைப் பார்த்தால், அதிசயம்! சீழ் வற்றி, புண் வாய் மூடத் தொடங்கியிருந்தது. கருவாயன் காலை ஊன்றியது. வலிக்கவில்லை! நாலடி நடந்தது. உட்காரவில்லை!

அப்போது வந்த கீரியிடம் கருவாயன் சொன்னது: "மச்சான், வைத்தியர் வந்து காட்டச் சொன்னாரு. இந்த மூஞ்சியோட போனா மருந்தை நிறுத்திருவாரு. நீ போய்ச் சொல்லிட்டு வர்றியா?"

"அதுக்கென்ன!" என்று கீரி ஓடியது. வளை வாசலில் நின்று, "வைத்தியரே! கருவாயன் சூப்பரா இருக்கான்! ஓடுறான், ஆடுறான், உங்களுக்குக் கும்பிடு சொல்லச் சொன்னான்!" என்று கத்திவிட்டு வந்தது.

"அவனே ஏன் வரலை?" என்று வைத்தியர் கேட்டபோது கீரி புதருக்குள் போய்விட்டது.

பௌர்ணமியன்று மூன்றாம் உருண்டை. கருவாயனுக்குத் தொண்டைக்குள் யாரோ பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது. 'இன்னும் ஒரே பொழுது. சுட்டிம்மா, அண்ணன் வந்துடறேன்.'

மறுநாள் விடிந்தது.

தெற்கே மணியோசை கேட்டது! முதலில் ஒரு மணி. பிறகு பத்து மணி. பிறகு புழுதி, புழுதிக்குள்ளிருந்து அந்த வாசனை. ஆட்டு ரோமமும் புழுக்கையும் பாலும் கலந்த வாசனை. கருவாயன் துள்ளி எழுந்தது. நாலு காலிலும் நின்றது. கால் குணமாகிவிட்டது!

ஆனால் முகம்? முகம் பூசணிக்காய் ஆகியிருந்தது. கண் இரண்டும் கீற்றுப் போல. நாக்கு தடித்து வெளியே தொங்கியது. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் நுரை நுரையாக வழிந்தது. உடம்பெல்லாம் வாந்தியும் கிழங்குமாக நாறியது. அதற்கெல்லாம் கருவாயனுக்கு எங்கே நேரம்! கரை மேல் ஏறி, மந்தையை நோக்கி ஓடியது. "சுட்டீ! மாமா! நான் வந்துட்டேன்!" என்று கூப்பிட்டது. தொண்டை அடைத்திருந்ததால் வெளியே வந்தது, "கொர்ர்... கொர்ர்..."

கொம்பன் கிடாய் தலையைத் தூக்கியது.

"யாருடா அது? பன்றியா?"

"நாய் மாதிரி இருக்கு, மாமா!" என்றது ஓர் ஆடு.

"நாயா? வாயில நுரையைப் பாரு! ஐயையோ, வெறிநாய்! வெறிநாய்! ஓடுங்க!"

மந்தை கலைந்தது. மேய்ப்பர் ஒருவர் மண்கட்டியை எடுத்து வீசினார். அது கருவாயன் தோளில் பட்டு உடைந்தது. அதே மேய்ப்பர்தான் தினமும் அதற்குக் கூழ் ஊற்றுபவர்.

"மாமா, இருங்க!" என்று சுட்டியின் குரல் கேட்டது. "அந்த வால் எங்க அண்ணன் வால் மாதிரியே ஆடுது!"

"வால் எல்லா நாய்க்கும்தான் ஆடும்! ஓடு குட்டி!"

"எங்க அண்ணன் எங்கே, மாமா? குளக்கரையிலதானே இருக்கேன்னுச்சு!"

"இந்த வெறிநாய் இருக்கிற இடத்துல அவன் எப்படிம்மா இருப்பான்? ஓடு!"

கருவாயன் துரத்தியது. துரத்தத் துரத்த ஆடுகள் இன்னும் வேகமாக ஓடின. மூன்று நாளாக அது ஆசைப்பட்ட ஓட்டம் இதுதான். அது ஓடுகிறது, ஆனால் மந்தை அதைவிட்டு ஓடுகிறது!

கரையின் கோடியில் கலங்கல் இருந்தது. குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற இடம். அதன் அடியில் ஆளுயரப் பள்ளம், பள்ளம் முழுக்கக் கூரான பாறை. பயந்த ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நேராக அங்கேதான் பாய்ந்தன. கருவாயன் தன் கீற்றுக் கண்ணால் அதைப் பார்த்துவிட்டது. ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தடுமாறியது.

கருவாயன் நின்றது.

நின்றதோடு இல்லை, உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு இல்லை, முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டது. எத்தனை வருஷம் காவல் இருந்த நாய்! மிரண்ட ஆட்டை நிறுத்த ஒரே வழி அதற்குத் தெரியும்: துரத்துகிறவன் துரத்தாமல் இருப்பது.

பின்னால் குளம்பொலி மெல்ல மெல்ல அடங்கியது. மேய்ப்பர்கள் "ஹேய்... ஹேய்..." என்று ஆடுகளை மடக்கினார்கள். ஒன்றுகூட விழவில்லை. மந்தை மேற்குப் பாதையில் இறங்கியது. மணியோசையில் எது சுட்டியின் மணி என்று கருவாயனுக்குத் தெரியும். அது கடைசிவரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு முள்ளம்பன்றி வைத்தியர் மூச்சிரைக்க வந்தார். கீரி சொன்னது பொய் என்று அவருக்கு இரண்டு நாளாகவே உறுத்தல். கருவாயனைப் பார்த்ததும் ஊசியெல்லாம் சிலிர்த்து நின்றது. குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து முகத்தில் ஊற்றி ஊற்றிக் கழுவினார். ஏதோ தழையைக் கசக்கி வாயில் பிழிந்தார். மாலைக்குள் மூச்சு சீரானது. குரலும் கொஞ்சம் வந்தது.

"எப்படா அரிச்சுது?"

"முதல் நாளே... உங்க வாசல்லேயே, வைத்தியரே."

"அடப்பாவி! அப்பவே சொல்லியிருந்தா அந்த ஒரு உருண்டையோட நிறுத்தியிருப்பேனே! வீக்கம் மறுநாளே வடிஞ்சிருக்குமே!"

"நிறுத்தினா கால் ஆறாது. ஓட முடியலைன்னா வராதேன்னு மாமா சொன்னாரு."

"கிடாய் வாயால ஆயிரம் சொல்லும்! நீ நொண்டிக்கிட்டாவது உன் சொந்த மூஞ்சியோட அந்தக் குட்டி முன்னால போய் நின்னிருந்தா, யாருடா விட்டுட்டுப் போவா? மேய்ப்பர் உன்னைத் தூக்கிக் கழுதை மேல போட்டுக்கிட்டுப் போயிருப்பாரேடா!"

கருவாயன் நன்றாக ஆறிப்போன காலை மடக்கிக்கொண்டு மேற்கே பார்த்தது. மலைக்கு மேல் மேகம் திரண்டிருந்தது. இருட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதையில் இருந்த ஆட்டுக் குளம்புத் தடத்தையும் வாசனையையும் ஒன்றுவிடாமல் கழுவிக்கொண்டு போயிற்று.

கொடுத்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், அந்த நிமிஷமே வைத்தியரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மறைத்தவன் எதற்காக மறைத்தானோ அதையே இழப்பான்.