ஆவுடையப்பன் அண்ணாச்சியின் இரும்புச் சத்து

மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு நனைந்துகொண்டே போகிற ஊர் புளிச்சங்குறிச்சி. அந்த ஊரிலும் புத்திசாலி என்று பேர் வாங்கியவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. ஆகவே அம்மன் கோயில் தர்மகர்த்தாவும் அவரேதான். வருஷா வருஷம் கொடைத் திருவிழாவில் அம்மன் நகைப் பெட்டியைத் திறந்து கொடுப்பார். ஊரார் அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். தலைக்கு மேலே பட்டுத் துணி இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று எவன் கேட்கப் போகிறான்?

இந்த வருஷம்தான் வந்தது வினை. வயசு எழுபதைத் தொடுகிறது, பெட்டிச் சாவியை எங்கே வைத்தோம் என்பது அண்ணாச்சிக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. திருடன் கை எட்டாத இடத்தில் வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அரிசிப் பானை, சாமி படத்துக்குப் பின்னால், கோழிக்கூடு என்று தேடாத இடமில்லை. போதாக்குறைக்கு, குனியும்போதெல்லாம் தொப்பைக்குக் கீழே என்னமோ சுருக்கென்று குத்தியது. வாயுதான் என்று பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்துக்கொண்டார்.

பூட்டை உடைத்தால் சாமிகுத்தம். வெள்ளிக்கிழமை கொடைக்குள் சாவி வராவிட்டால் அம்மனுக்குப் பூ அலங்காரம். பரிவட்டம் அண்ணாச்சியின் மச்சினன் சிவனணைந்தானுக்கு. ஊர்க்கூட்டம் அப்படித்தான் முடிவு கட்டியது.

"அந்தப் பய தலையிலயா? அதைப் பார்க்கதுக்கு என் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்!" என்று அண்ணாச்சி குமுறிக் குமுறி அழுதார்.

அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர்: ஐயம்பெருமாள், பலவேசம், நயினார். மூளையைக் கொஞ்சமும் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருக்கிற சிக்கனக்காரர்கள். அவர்கள் மறதிக்கு மருந்து கேட்டு அண்ணாச்சியை டவுன் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள்.

"பயப்படாதீங்க ஐயா" என்றார் டாக்டரம்மா. "கீரை, மீன், பருப்பு எல்லாம் சேர்த்துக்குங்க. கீரையில இரும்புச் சத்து இருக்கு. வயசு ஏற ஏற, சத்தானதா சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும். மூளைக்கு நல்லது."

வாசலுக்கு வந்ததுமே விவாதம் தொடங்கிவிட்டது.

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும்னுல்லா சொன்னாவ" என்றார் நயினார். "வயசு எப்ப வே ஏறுது?"

"எப்பவுந்தான். தூங்கும்போதுகூட ஏறுது" என்றார் பலவேசம்.

"அப்ப தூங்கும்போதும் நிறுத்தப்படாது."

அன்றிலிருந்து அண்ணாச்சி குறட்டைக்காக வாயைத் திறந்தால் நயினார் ஒரு கவளம் கீரைச் சோற்றை உள்ளே தள்ளினார். அண்ணாச்சி விக்கி எழுந்து உட்கார்ந்தார். தூக்கமும் போச்சு, சாவியும் வரவில்லை.

சரி, மீன் தின்று பார்ப்போம் என்று குளத்தில் வலை போட்டார்கள். நல்ல கெண்டை ஒன்று மாட்டியது. ஐயம்பெருமாள் அதை உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது வலையில மாட்டிக்கிட்ட மீன். புத்தி இருந்தா மாட்டியிருக்குமா? இதைத் தின்னா உங்களுக்கு எங்கிட்டு இருந்து புத்தி வரும்?"

"வாஸ்தவம். மாட்டாத மீனாப் பார்த்துப் பிடிங்கப்பா" என்றார் அண்ணாச்சி.

மாட்டிய மீனையெல்லாம் முட்டாள் மீன் என்று திட்டித் திட்டித் தண்ணீரில் விட்டார்கள். மாட்டாத மீன் ஒன்றுகூட மாட்டவில்லை. வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்து அண்ணாச்சியின் மனைவி சங்கரவடிவு, "உங்க நாலு பேரு மூளையையும் சேர்த்து அரைச்சாலும் ஒரு தோசைக்குக் காணாது" என்றாள்.

வெள்ளிக்கிழமையும் விடிந்துவிட்டது. கோயிலில் மேளம் கேட்டது. அண்ணாச்சி செம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டு வந்தார். பாதி பயம், பாதி கீரை.

"இவ்வளவு தின்னும் ஏன் வே ஞாபகம் வரல?" என்று அழாக்குறையாகக் கேட்டார்.

பலவேசம் வெகுநேரம் யோசித்தார். "அண்ணாச்சி, சோறு கீழே போகுது. மூளை மேலே இருக்கு. கீழே போனது எப்படி மேலே ஏறும்? உங்களைத் தலைகீழாத் தொங்கவிட்டா சரியாப் போகும்."

இதை முதலிலேயே டாக்டரம்மா சொல்லியிருக்க வேண்டாமா என்று எல்லோருக்கும் கோபம் வந்தது. வேட்டி அவிழாதபடி தார்ப்பாய்ச்சிக் கட்டி, கொல்லைப்புறப் புளியமரத்தில் அண்ணாச்சியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மூன்று பேரும் உலுக்கினார்கள். தொப்பை சரிந்து நெஞ்சுக்கு வந்தது. அரைஞாண் கயிற்றிலிருந்து துருவும் அழுக்கும் ஏறிய விரல் நீளச் சாமான் ஒன்று கழன்று 'ணங்' என்று கல்லில் விழுந்தது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"சாவி மாதிரி இருக்கே" என்றார் நயினார்.

"பசிச்சவனுக்குப் பார்க்கதெல்லாம் சோறு! தட்டிப் பாரும் வே, சுத்தமான இரும்பு. கீரையில இருந்த சத்தெல்லாம் வெளியே கொட்டிட்டு!" என்று அலறினார் ஐயம்பெருமாள்.

"ஐயோ, என் சத்து!" என்று மரத்திலிருந்து கதறினார் அண்ணாச்சி.

அவரை இறக்கி உட்கார வைத்தார்கள். இரும்பைக் கழுவி, நாலு கட்டு கீரையோடு போட்டு ரசமாகக் கொதிக்க வைத்தார்கள். அண்ணாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு செம்பு குடித்தார். குடித்ததும் கண் பளிச்சென்று விரிந்தது.

"வந்துட்டு! ஞாபகம் வந்துட்டு! போன கொடை முடிஞ்சதும் சாவியை என் அரைஞாண் கயித்துலதான் கட்டுனேன்!"

மூன்று பேரும் டாக்டரம்மா இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அண்ணாச்சி ஆசை ஆசையாய்த் தொப்பையைத் தூக்கிக் கயிற்றைத் தடவினார். இங்கே தடவினார், அங்கே தடவினார். கயிறுதான் இருந்தது.

"இடுப்புல கிடந்ததையே எவனோ அடிச்சிட்டுப் போயிட்டானே! எல்லாம் அந்த மச்சினன் வேலைதான்!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவரைத் தேற்ற ஆளில்லை. பலவேசம் மட்டும் ரசச் சட்டிக்குள் கைவிட்டு இரும்பை எடுத்துத் துடைத்தார்.

"அழாதிய அண்ணாச்சி. இதுல இன்னும் சத்து மிச்சம் கிடக்கு. உடம்போட கிடந்தா உடம்புல ஊறும். சாவி இருந்த இடம் இப்ப சும்மாத்தானே கிடக்கு, அதுல கட்டிக்கிடுங்க."

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது கழன்றுவிடக் கூடாதே என்று மூன்று முடிச்சுப் போட்டார்.

கோயிலுக்குப் போனார்கள். பூட்டிய பெட்டி ஓரமாக இருந்தது. அம்மன் செவ்வந்திப் பூவோடு நின்றாள். சிவனணைந்தான் தலையில் பரிவட்டம் ஏறியது. அதைப் பார்க்கச் சகியாமல் அண்ணாச்சி, "தாயே, என் சாவியை எடுத்தவனை நீதான் கேக்கணும்" என்று தரையில் விழுந்து கும்பிட்டார். தொப்பைக்குக் கீழே சுருக்கென்று குத்தியது.

எழுந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சங்கரவடிவு பக்கம் திரும்பினார்.

"வீட்டுல பெருங்காயம் இருக்கா? பாழாப்போன கீரை, மறுபடியும் வாயுவைக் கிளப்பிட்டு."