கோணக்கரையில் சாவு பேசின கதை

கோணக்கரைக்காரர்களுக்கு மூளை கம்மி என்று சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மூளை நிறையவே இருந்தது. யார் என்ன சொன்னாலும் அதை ஒரு சொல் பிசகாமல் செய்து முடிப்பதற்கே அது செலவாகிவிட்டது, அவ்வளவுதான். பஸ் நின்ற பிறகுதான் இறங்க வேண்டும் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார் என்பதற்காக, தங்கள் ஊரில் மெதுவாக உருண்டுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து இறங்காமல் டிப்போ வரைக்கும் போய்ப் படுத்துவிட்டு மறுநாள் வந்தவர்கள் அவர்கள். இவ்வளவு கீழ்ப்படிதல் உள்ள ஜனங்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

அந்த ஊரில் தவசி என்று ஒருவர், எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவருக்கு நெஞ்சில் வலி வந்தது. டவுன் டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் பண்ணினால் நன்றாக இருக்கலாம், பண்ணாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். தவசி மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு ஊருக்கு வந்தார். அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வாராவாரம் ஊருக்கு வரும் நர்ஸ் ரெஜினா எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். பயமா என்றால் இல்லை என்பார். பின்னே என்ன என்றால் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

சாவு என்ற சொல்லையே இந்த ஊரில் யாரும் வாயில் எடுப்பதில்லை, அதுதான் கோளாறு என்று ரெஜினா கண்டுபிடித்தாள். டவுனில் சிலர் மாதம் ஒரு நாள் கூடி, டீ குடித்து, இனிப்பு தின்று, சாவைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறார்களாம். பேசிவிட்டுப் போனால் மனசு லேசாகிவிடுகிறதாம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று சுருளியின் டீக்கடையில் வைத்துச் சொன்னாள். முறைகளையும் சொல்லிக்கொடுத்தாள். வட்டமாக உட்கார வேண்டும். பேசுகிறவரைக் குறுக்கே மறிக்கக் கூடாது. முக்கியமாக, யாரும் யாருக்கும் புத்திமதி சொல்லக் கூடாது.

ஊரில் பெரிய அறிவாளி ஒச்சப்பன். ஒரு வழக்கில் சாட்சி சொல்ல டவுன் கோர்ட்டுக்குப் போய், வழக்கு தள்ளிப்போனதால் சாட்சி சொல்லாமலே திரும்பியவர். அன்றிலிருந்து ஊருக்குச் சட்டம் அவர்தான். அவர் ரெஜினா சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அப்படியே நடத்திவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் கேட்டு ரெஜினா சந்தோஷப்பட்டாள். பாவம், அவள் வெளியூர்க்காரி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூட்டம் கூடியது. வட்டமாக உட்கார்ந்தார்கள். வட்டத்துக்கு நடு வேண்டும் என்று அடுப்பைச் சுற்றி உட்கார்ந்ததில், சுருளி உள்ளே மாட்டிக்கொண்டான். வட்டத்தை உடைக்க யாருக்கும் மனசில்லை. அவன் அங்கேயே நின்று டீ ஆற்றினான்.

முதலில் பேசியவன் மொக்கையன். செத்த பிறகு நெருப்பு வைப்பார்களே, அது சுடுமா சுடாதா என்பதுதான் சின்ன வயதிலிருந்து தனக்குப் பயம் என்று ஆரம்பித்தான். பேச்சு சுவாரஸ்யத்தில் அடுப்புப் பக்கமாகக் காலை நீட்டியதில் அவன் வேட்டி நுனியில் தீப்பிடித்தது. எல்லாரும் பார்த்தார்கள். வேட்டி எரிகிறது என்று சொன்னால் குறுக்கே மறித்ததாகிவிடும். தண்ணீரில் முக்கு என்றால் புத்திமதி ஆகிவிடும். சுருளி கையில் ஒரு குடம் தண்ணீரே இருந்தது. அவன் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சுடுது, சுடுது" என்றான் மொக்கையன்.

ஒச்சப்பன் திருப்தியாகத் தலையசைத்தார். இத்தனை வருஷத்துச் சந்தேகம் ஒரே கூட்டத்தில் தீர்ந்துவிட்டதே என்று அவருக்குப் பெருமை. மொக்கையன் ஓடிப்போய் மாட்டுத் தொட்டியில் உட்கார்ந்தான். அவன் முறை இன்னும் முடியவில்லை என்பதால் மிச்சத்தை அங்கிருந்தே பேசினான். வட்டமும் எழுந்து போய்த் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தது.

அடுத்தது தவசி. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"எனக்குச் சாகப் பயம் இல்லப்பா. வெள்ளத்தாயி அழுவாளான்னுதான் பயம். அவளப் பெத்த ஆத்தா செத்தப்ப அழல. முதல் எருமை செத்தப்ப அழல. வெங்காயம் உரிச்சாக்கூட அவ கண்ணுல தண்ணி வரல. எனக்கும் அவ அழலன்னா, அம்புட்டு வருஷம் கூட இருந்து நான் என்னத்தக் கண்டேன்? அது தெரியாம ஆபரேசனுக்குப் போயிப் படுக்க மாட்டேன்."

கேட்டவர்களுக்கு மனசு கனத்துப் போயிற்று. ஊரே தவசியை ஒரு வருஷமாக நச்சரித்தும் வராத காரணம், ஒரு டம்ளர் டீயில் வந்துவிட்டது. போய் உன் பெண்டாட்டியிடமே கேட்டுவிடேன் என்று ஒரே ஒரு ஆள் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். புத்திமதி கூடாதே. ஆகையால் எல்லாரும் வடையை எடுத்துக் கடித்தார்கள்.

கூட்டத்தில் ஏதோ குறை இருந்தது என்று ஒச்சப்பனுக்கு மறுநாளெல்லாம் உறுத்தல். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

"கல்யாணப் பேச்சுன்னா பொண்ணு வேணுமா, வேணாமா?" என்று சுருளியிடம் கேட்டார்.

"வேணும்ணே."

"காதுகுத்துன்னா காது வேணும். அப்ப சாவுப் பேச்சுன்னா?"

சுருளிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செத்தவர் ஒருவர் கூட இல்லாமல் சாவு பேசியிருக்கிறோமே, எவ்வளவு பெரிய தப்பு என்று அவனும் உணர்ந்தான். அடுத்த செவ்வாய்க்கு ஒரு பிணம் தேவை என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். தவசிதான் முன்வந்தார். இதில் தன் சந்தேகமும் தீர்ந்துவிடும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே டீக்கடை முன்னால் பந்தல் போட்டார்கள். தவசியைக் குளிப்பாட்டி பெஞ்சில் கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தாடைக்கும் கட்டுப் போட்டு, மூக்கில் பஞ்சு வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் ஊதாவாக மாறியது. பிணம் மூச்சு விடலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. கூடாது என்று ஒரு கட்சி. விடாவிட்டால் செத்துப்போவாரே என்று ஒரு கட்சி. ஒச்சப்பன் இரண்டு பக்கத்தையும் கேட்டு, ஒரு மூக்கில் பஞ்சு, ஒரு மூக்கில் மூச்சு என்று தீர்ப்புச் சொன்னார்.

இழவு சொல்லப் போனவன் மொக்கையன். வெள்ளத்தாயி பால் கறந்துகொண்டிருந்தாள். அவன் முறைப்படி வீட்டுக்குள் நுழையாமல் தெருவிலேயே நின்று, தவசி அண்ணன் தவறிவிட்டார் என்று சொன்னான்.

"காலையில கஞ்சி குடிச்சிட்டுத்தான போனாரு?" என்றாள் அவள்.

"குடிச்சிட்டுத்தான் தவறிட்டாரு மதினி. நம்ம அண்ணனே உங்ககிட்டச் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டாரு."

புருஷனே சொல்லியனுப்பியிருக்கும்போது நம்பாமல் இருக்க முடியுமா? வெள்ளத்தாயியும் கோணக்கரைக்காரிதானே. பால் செம்பைக்கூடக் கீழே வைக்காமல் கிளம்பி வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்தாள். தவசியின் முகத்தைப் பார்த்தாள். தன் தோளிலிருந்த துண்டை எடுத்து ஈ ஓட்ட ஆரம்பித்தாள்.

அழவில்லை.

கட்டினவள் அழ ஆரம்பித்த பிறகுதான் மற்ற பெண்கள் ஒப்பாரி எடுக்கலாம். அவர்களும் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாராகக் காத்திருந்தார்கள். உச்சி வெயில் வந்தது. சுருளி வடை போட்டான். வடை வாசனைக்குப் பிணத்தின் வயிறு உறுமியது. வெள்ளத்தாயி அசையவில்லை, ஈ ஓட்டியபடியே இருந்தாள். தவசி ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து நொந்துபோனார். செத்துக் கிடப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது அவருக்கு.

ஒச்சப்பன் அவளிடம் போய்ப் பதமாகச் சொன்னார். "ஏத்தா, நேரம் போகுதுல்ல. நீ அழுதாத்தான பொணத்த எடுக்க முடியும்?"

"தெரியும். அதனாலதான் அழல."

வெள்ளத்தாயி துண்டை வீசிக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பா செத்தப்ப நான் சின்னப்புள்ள. அவரு பாட்டுக்குத் திண்டுல தலைய வச்சுக் கம்முனு படுத்திருந்தாரு. நான்தான் முதல்ல 'ஓ'ன்னு அழுதேன். உடனே ஊரே சேந்து அழுதுச்சு, தூக்கிட்டுப் போயிருச்சு. நான் மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அவரு அங்கனயே இருந்திருப்பாரு. எங்காத்தாவுக்குப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். பாழாப்போன சின்னத்தா அழுது கெடுத்துட்டா. இவருக்கு நான் அழவே மாட்டேன். எத்தன நாள் ஆனாலும் இப்படியே கிடக்கட்டும். நான் ஈ ஓட்டுறேன். இவர விட்டுட்டு என்னால இருக்க முடியாது."

இதைக் கேட்டதும் தவசி குலுங்கினார். இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. தாடைக்கட்டு இருந்ததால் சத்தம் வெளியே வரவில்லை. பெஞ்சுதான் கிடுகிடு என்று ஆடியது. அந்த மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

ஆனால் கூட்டம் மிரண்டுவிட்டது. பிணம் அழுகிறது. இப்படி ஒரு கேஸ் கோர்ட்டில்கூட வந்ததில்லை என்றார் ஒச்சப்பன். வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பொண்டாட்டி அழுதா செத்தது யாரு?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"புருஷன்" என்றார்கள்.

"இப்ப அழறது யாரு?"

"புருஷன்."

"அப்ப செத்தது?"

எல்லாரும் மெதுவாக வெள்ளத்தாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். மொக்கையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆள் தெரியாமல் வேறு ஆளைக் குளிப்பாட்டிவிட்டோமே என்று வருத்தப்பட்டான்.

வெள்ளத்தாயி ஒன்றுதான் கேட்டாள். "நான் செத்தா அவரு இருப்பாரா?"

"தாராளமா இருப்பாரு" என்றார் ஒச்சப்பன்.

"அப்பச் சரி." அவள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தவசியை எழுப்பிவிட்டு, அவர் கால்கட்டை அவிழ்த்துவிட்டு, அந்த இடத்தில் தானே படுத்தாள்.

தவசி தாடைக்கட்டோடு கையை ஆட்டி ஆட்டித் தடுத்துப் பார்த்தார். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் அழ அழ அவள் செத்தது உறுதியாகிக்கொண்டே போனது. காலையிலிருந்து காத்திருந்த பெண்கள் ஒரே குரலில் ஒப்பாரியை எடுத்தார்கள். நாலு பேர் பெஞ்சோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

சுடுகாட்டுப் பாதை பிரியும் இடத்தில் வெள்ளத்தாயி தலையைத் தூக்கினாள். "ஏன்ணே, பொறந்த வீட்டுக் கோடி இன்னும் வரலையே. கோடிச் சேல போத்தாம ஒரு பொம்பளப் பொணத்த எடுக்கலாமா?"

ஒச்சப்பனுக்குச் சுருக்கென்றது. கூடப்பிறந்தவன் கோடி கொண்டுவராமல் எடுத்தால் ஊருக்கே அவமானம். பிணத்துக்கு இருக்கும் ஞானம் நமக்கு இல்லையே என்று சொல்லி, பெஞ்சைத் திருப்பி அவள் வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். உன் தம்பி எப்போது வருவான் என்று விசாரித்தார். தான் பெற்றோருக்கு ஒரே பிள்ளை என்றாள் வெள்ளத்தாயி. பெற்றோரோ போய்ச் சேர்ந்து வெகுகாலம். அப்படியானால் தம்பி பிறந்து வளர்ந்து வரக் கொஞ்ச நாள் ஆகும், பொறுத்திருப்போம் என்று ஊர் முடிவு செய்தது.

பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. ஆகவே வீட்டுக்கு ஒரு வேளையாக ஊரே முறை வைத்துச் சோறு கொண்டுவந்து கொடுத்தது. கல்யாணமான நாளிலிருந்து புகையிலேயே நின்றவள், இப்போது காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். சுருளி வீட்டுக் குழம்பில் உப்புக் கம்மி என்று பிணம் ஆள் அனுப்பிச் சொன்னதும் உண்டு.

தவசி ரெஜினாவிடம் போய், ஆபரேஷனுக்குத் தயார் என்றார். கூட்டம் நன்றாக வேலை செய்கிறது என்று அவள் பூரித்துப்போனாள். தானும் கூட வருவேன் என்றாள் வெள்ளத்தாயி. கோடி வராமல் சுடுகாட்டுக்குத்தான் போகக் கூடாது, டவுன் பஸ்ஸில் போகலாம் என்று ஒச்சப்பன் அனுமதி கொடுத்தார்.

டாக்டர் தவசியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். இது பெரிய ஆபரேஷன், வீட்டு ஆட்களிடம் பேச வேண்டும், உங்கள் மனைவி எங்கே என்று கேட்டார்.

"அவ செத்துட்டா சார்" என்றார் தவசி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து வந்து தவசியின் தோளைத் தொட்டார். "அடடா. எப்போ?"

"போன செவ்வாக்கெழம சார். வெளிய பெஞ்சுல முறுக்குத் தின்னுக்கிட்டு இருக்கா. கூப்பிடட்டா?"