துடுப்புச் சத்தத்துக்கு அவிழும் பூ

அந்தக் காலத்தில் மரத்துக்கும் பறவைக்கும் வாய் இருந்தது. உட்கார்ந்து கேட்க மனிதனுக்குப் பொறுமையும் இருந்தது. தென்கடல் நடுவே ஒரு தீவு. கரையிலிருந்து குன்றின் உச்சி வரைக்கும் சுடரி மரங்கள். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூ பூக்கும். பூ உதிர்ந்தால் காய் பிடிக்கும், காயை ஆட்டினால் எண்ணெய். தீவில் விளக்கு எரிந்ததும் மீன் பொரிந்ததும் அந்த எண்ணெயில்தான். வேறெந்த மண்ணிலும் அந்த மரம் கிடையாது.

ஆனால் சுடரியில் பாதிக்குப் பாதி பூத்ததோடு சரி, காய்க்காது. ஊரார் அவற்றைத் தண்டச்சோறு என்பார்கள். காய்த்த மரம்தான் கல்லடி படும் என்று சொல்வதுண்டு. அந்தத் தீவிலோ காய்க்காத மரம் கோடாலியடி பட்டது. வெட்டியவன் வள்ளம் கட்டுகிற சங்கன். "சும்மா நிக்கிற மரம் வள்ளமா மிதக்கட்டுமே" என்றான். ஊரே தலையாட்டியது. மரம் சாயும்போது கயிறு பிடித்து இழுத்தவள் அவன் தங்கை வெள்ளச்சி.

கடைசித் தண்டச்சோறும் சாய்ந்த மறுவருடம், காய்க்கிற மரங்கள் வழக்கம்போலப் பூத்தன. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. அடுத்த வருடமும் அதே கதை. ஏன் என்று கேட்டால் மரங்கள் பதில் சொல்லவில்லை. கோடாலி விழுந்த நாளிலிருந்தே அவை மனிதரோடு பேச்சை விட்டிருந்தன.

எண்ணெய் தீர்ந்தது. ஊரார் மூட்டை கட்டிக்கொண்டு கடலுக்கு அக்கரையில் இருந்த பாறைத்தீவுக்குக் கிளம்பினார்கள். "மரத்துக்கு ஏதோ சாபம். வா, நாமளும் போயிரலாம்" என்றான் சங்கன்.

"சாபமா? கோடாலி பிடிச்சது சாபமா, நீயா?"

"கயிறு பிடிச்சது யாரு?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டான். உண்மை என்பதால் இன்னும் சுட்டது. "இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்றாள் அவள். "நானும் இந்த மண்ணை மிதிக்க மாட்டேன்" என்று அவன் வள்ளம் ஏறினான். தாய் தகப்பன் இல்லாமல் ஒரே சட்டியில் தின்று வளர்ந்த இரண்டு பேர், இப்படிப் பிரிந்தார்கள்.

தீவில் வெள்ளச்சி மட்டும் இருந்தாள். ஒற்றை ஆளுக்குச் சமைக்க அவளுக்கு அளவு தெரியவில்லை. எப்போதும் சட்டியில் ஒரு கவளம் மிஞ்சும். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வருடங்கள் போயின. புயல் வந்து வந்து சுடரிகளைச் சாய்த்தது. கடைசியில் அவள் குடிசையோரம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதன் வேரையும் கடல் அரிக்கத் தொடங்கியிருந்தது. அதனிடம் தினமும் பேசினாள். மழை வரும்போல இருக்கு என்பாள். முழங்கால் வலிக்குது என்பாள். மரம் வாய் திறக்காது. பேசத் தெரிந்த ஒன்று பக்கத்திலேயே பேசாமல் நின்றால், யாருமே இல்லாததைவிட அது கொடுமை. ஆனாலும் அவள் விடாமல் பேசினாள்.

ஒரு நாள், மரம் பூத்திருந்த சமயம், மீன் பிடிக்க வந்த ஆலாப் பறவை ஒன்று கிளையில் உட்கார்ந்தது.

"பாறைத்தீவுலயும் இப்படி ஒண்ணு பூத்து நிக்குது. உன் அண்ணன் கொண்டுபோன கொட்டையில முளைச்சது அது ஒண்ணுதான். அதுவும் காய்க்காத சாதி. வெட்டப் போறேன்னு கோடாலியைத் தீட்டிக்கிட்டிருக்கான்."

"அதுவும் காய்க்கலையா?"

"அது ஆணு, இது பொண்ணு. அந்தப் பூவோட பொடி இந்தப் பூவுல விழுந்தாத்தானே பிஞ்சு நிக்கும்? மாப்பிள்ளை அத்தனை பேரையும் வெட்டிப் போட்டுட்டுப் பிள்ளை எங்கேன்னா?"

வெள்ளச்சி கிளையை அண்ணாந்து பார்த்தாள். "நீயே ஒரு கொத்து கொண்டு வந்து குடுக்கக் கூடாதா?"

"என் வாயில பூ நிக்குமா? நடுக்கடல்ல மீனைப் பார்த்தா துப்பிருவேன்" என்றது ஆலா. பொய் சொல்லத் தெரியாத பறவை.

வெள்ளச்சி ரோசத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வள்ளத்தைத் தள்ளினாள். பாறைத்தீவில் இறங்கி ஓடியபோது, நரைத்த தலையோடு சங்கன் மரத்தடியில் கோடாலியை ஓங்கியிருந்தான்.

"கையை எடு, அண்ணே!"

கோடாலி அந்தரத்தில் நின்றது. அவள் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தாள். "அப்போ நான் வெட்டுனது அத்தனையும்..." என்று தொடங்கினான். கோடாலியைக் கீழே போட்டான். ஒரு கொத்தை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தான்.

திரும்பும் வழியெல்லாம் எதிர்காற்று. சுடரிப் பூவுக்கோ ஆயுசு குறைவு. அவள் கரையேறியபோது மரத்தடி முழுக்க வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. கிளையில் ஒரு பூ இல்லை. கொத்தை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அத்தனை வருட அழுகையும் அன்று சேர்ந்து வந்தது.

"அழாதே, வெள்ளச்சி" என்றது மரம். "அவசரப்பட்டது நான்தான். அடுத்த வருஷம் துடுப்புச் சத்தம் கேக்குற வரைக்கும் மொட்டை அவிழ்க்க மாட்டேன்."

"இத்தனை நாள் ஏன் பேசல?"

"எங்களுக்காக அழ உனக்குத் தெரியும்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

மறுவருடம் மொட்டுகள் பருத்தன. மரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒரு காலைப்பொழுதில் துடுப்புச் சத்தம் கேட்டது. பூக்கொத்தோடு சங்கனே வந்திருந்தான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே" என்றான்.

"மிதிச்சுத் தொலை" என்றாள் வெள்ளச்சி.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொட்டுகள் அவிழ்ந்தன. இரண்டு பேரும் பூவோடு பூவை ஒற்றினார்கள். சோறு தின்றார்கள், அன்று சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"இங்கேயே இருந்துரு அண்ணே."

"உன் மரத்துக்கு நீ இருக்கே. அதுக்கு என்னை விட்டா யாரு? நான் அசந்தா, காய்க்காத மரம்தானேன்னு எவனாவது வெட்டிருவான்."

அதனால் வருடத்துக்கு ஒரு நாள்தான் அண்ணன் வருவான். மற்ற நாளெல்லாம் கடல்தான் துணை. ஆனால் காய் பிடித்தது, கொட்டை முளைத்தது, குடிசையைச் சுற்றிக் கன்றுகள் எழுந்தன.

பிறகு ஒரு வருடம் துடுப்புச் சத்தம் கேட்டு வெள்ளச்சி கரைக்கு ஓடினாள். வள்ளத்தில் இருந்தவன் வேறு ஆள். அவள் வயதில் பாதிகூட இருக்காது. கையில் ஈரத்துணி சுற்றிய கொத்து.

"சங்கன் பெரியவரு மழைக்காலத்துல போயிட்டாருங்க. பூ பூத்ததும் அக்கரையில கொண்டுபோய்க் குடுன்னு சொல்லிட்டுப் போனாரு. மரத்தை இனி நான் பார்த்துக்கறேன்."

அவளுக்குப் பின்னால் மொட்டுகள் அவிழத் தொடங்கிவிட்டன. யார் துடுப்புப் போட்டாலும் மரத்துக்கு ஒன்றுதான். வெள்ளச்சிக்கு அப்படியில்லை. வெகுநேரம் அந்த வெறும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அவன் தண்ணீரிலேயே நின்றான். கடைசியில் அவள் இரண்டு கையையும் நீட்டிக் கொத்தை வாங்கினாள்.

"வா அண்ணே, சாப்பிடலாம்" என்றாள்.

அன்று முதல்தான், சுடரி பூக்கும் பருவத்தில் கொத்தோடு கரையேறுகிறவன் யாராக இருந்தாலும், நேற்றுப் பிறந்தவனாகவே இருந்தாலும், பிறகு அந்தத் தீவில் குடியேறிய பெண்கள் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள்.