குழலின் மரை

“என் கை போயிடுச்சு மாஸ்டர். இனிமே எனக்குத் துப்பாக்கி வேண்டாம்” என்றாள் ஆனந்தவல்லி.

மலைச்சரிவில் இருந்த அந்தச் சுடுதளத்தில் அன்று அவர்கள் இருவர்தான். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்து எதிர்மேட்டு இலக்குப் பலகைகளை எடுத்துக்கொள்ளும். பிறகு ஏதோ யோசித்தது போல, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் போகும்.

மெர்சி அங்கே ரைஃபிள் சுடக் கற்றுக்கொடுப்பவள். ஆனந்தவல்லியைவிடச் சின்னவள். அதனால் கற்றுக்கொடுப்பவள் “அக்கா” என்பாள். கற்றுக்கொள்பவள் “மாஸ்டர்” என்பாள்.

மெர்சி காரணம் கேட்கவில்லை. பலகையில் ஒட்டிச் சுட்ட இலக்குத் தாளைக் கேட்டாள்.

ஆனந்தவல்லி தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் அவள் கணவன் எழிலரசு தூக்கத்திலேயே போய்விட்டான். அவளை இந்தச் சுடுதளத்துக்கு முதலில் அழைத்து வந்ததே அவன்தான். இரண்டு பாய்களில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துச் சுடுவார்கள். அவனுடைய ரைஃபிள் இப்போது அவள் பெயருக்கு மாறியிருந்தது.

அவன் லேசான குண்டுகளைத்தான் சுடுவான். பள்ளத்தாக்குக் காற்று அவற்றைக் கொஞ்சம் தள்ளிவிடும். அவன் சிரித்துக்கொள்வான். அவளால் இப்போது அப்படிச் சிரிக்க முடியவில்லை. போட்டிகளில் ஜெயிக்கிறவர்கள் நீளமான, கனத்த குண்டுகளைச் சுடுவதைப் பார்த்திருக்கிறாள். அவற்றையே வாங்கினாள். கனமானது ஆடாது என்று நினைத்தாள்.

ஒன்றுகூட நினைத்த இடத்தில் விழவில்லை. சில குண்டுகள் பலகைக்கே போய்ச் சேரவில்லை.

வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது என்றாள்.

அவர்களுக்குப் பூப்பண்ணை இருந்தது. முன்பெல்லாம் விடிவதற்குள் பசுமைக்குடிலுக்குள் போய்விடுவாள். பூ வெட்டுவது, கட்டுவது, வண்டியில் ஏற்றுவது எல்லாம் அவள்தான். எழிலரசு போன பிறகு கொழுந்தன் செவ்வேள் எல்லாவற்றையும் தன் தலையில் எடுத்துக்கொண்டான். அன்பால்தான். அண்ணி ஒன்றும் செய்ய வேண்டாம், அமைதியாக இருந்தால் போதும் என்றான். வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

அவளும் இருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பனி உள்ளே வந்து பாத்திரங்களின்மேல் படிவதைப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

அந்தப் பகல் தூக்கத்தில் ஒரே கனவு வந்துகொண்டிருந்தது. வெள்ளையான ஏதோ ஒன்றுக்குள் ஒரு குண்டு மிதந்து போகிறது. அவசரமே இல்லை, மீன் போலப் போகிறது. போகப் போகத் தன் தலை எது, வால் எது என்று அதற்கே மறந்துவிடுகிறது. மெல்லப் பக்கவாட்டில் சாய்கிறது. சத்தமே இல்லை.

“அசையாமத்தான் இருக்கேன் மாஸ்டர். அப்பவும் உள்ள ஆடுது. இன்னும் எப்படி அசையாம இருக்கிறதுன்னு சொல்லிக் குடுங்க. இல்லன்னா இதை இங்கேயே வச்சுட்டுப் போறேன்.”

மெர்சி மறுபடியும் கையை நீட்டினாள். இந்தமுறை தாள் வந்தது. அதை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

தாளில் இருந்தவை வட்டத் துளைகள் அல்ல. ஒவ்வொன்றும் நீளமாகக் கிழிந்திருந்தது. படுத்திருக்கும் குண்டின் வடிவம்.

“இது உங்க கை செஞ்சது இல்லக்கா. குண்டு மூக்கால போகல. புரண்டு படுத்துக்கிட்டுப் போயிருக்கு.”

அதற்குமேல் விளக்கவில்லை. எழிலரசின் ரைஃபிளை வாங்கி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, தாங்கியில் கிடத்தினாள். குழல் துடைக்கும் கம்பியின் நுனியில் வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றினாள். கம்பியில் ஓரிடத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினாள்.

“தள்ளுங்க. நீங்க திருப்பாதீங்க.”

ஆனந்தவல்லி தள்ளினாள்.

குழலின் உட்சுவரில், திருகாணியின் மரை போல, வரிகள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. குண்டைப் பம்பரம் போலச் சுழற்றி, சாயாமல் அனுப்புவது அவைதான். துணி அவற்றில் சிக்கிக்கொண்டது. கம்பி தானாகத் திரும்பத் தொடங்கியது. தூங்குகிறவர் ஒருக்களிப்பது போல, அவ்வளவு மெதுவாக. சிவப்பு நூல் பக்கவாட்டில் சரிந்தது, அடியில் மறைந்தது, மறுபக்கம் ஏறியது. அது மறுபடி மேலே வருவதற்குள் கம்பி பாதிக் குழலைத் தாண்டியிருந்தது.

இன்னொரு முறை தள்ளிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். உள்ளிருந்து யாரோ அவள் கையைப் பிடித்து மெல்லத் திருப்புவது போலிருந்தது. அந்த நிதானம் அவளுக்குத் தெரிந்த நிதானம். கண்ணைத் திறந்தபோது பனி வந்து பலகைகளை மூடியிருந்தது.

மெர்சி தன் ரைஃபிளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஒரே தோட்டா இரண்டிலும் பொருந்தும். அதே கம்பி, அதே துணி.

இந்தமுறை கம்பி ஒரு சாண் போவதற்குள்ளேயே நூல் சுற்றி மேலே வந்துவிட்டது. ஆனந்தவல்லி சட்டென்று கையை எடுத்தாள். பிறகு மறுபடி வைத்துத் தள்ளினாள்.

பனி விலகியதும் மெர்சி அவளைப் பாயில் படுக்கச் சொன்னாள். முதலில் எழிலரசின் ரைஃபிளையும் லேசான குண்டுகளையும் கொடுத்தாள். துளைகள் வட்டமாக விழுந்தன. காற்று அவற்றைக் கொஞ்சம் தள்ளியிருந்தது, அவன் காலத்தில் தள்ளியது போலவே.

அடுத்து மெர்சியின் ரைஃபிள். அதில் ஆனந்தவல்லி வாங்கிவந்த அதே கனத்த குண்டுகள்.

அவள் சுட்டாள். சத்தம் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, எங்கெங்கோ அலைந்து, தாமதமாகத் திரும்பி வந்தது. மறுபடி சுட்டாள்.

தொலைநோக்கியில் பார்த்தபோது துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. காற்று அப்போதும் வீசிக்கொண்டுதான் இருந்தது.

அவள் வெகுநேரம் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது கண் ஈரமாக இருந்தது.

“அப்ப அவரோட ரைஃபிள்ல கோளாறா?”

“இல்லக்கா. லேசான குண்டுக்குன்னே செஞ்ச குழல். அதுக்கு அந்தச் சுத்து போதும்.”

“என் குண்டு?”

“அதுவும் நல்ல குண்டுதான்.”

பனி மறுபடி ஏறிவந்தது. பலகைகள் போயின. பிறகு எதிர்மேடு போனது. இரண்டு பாய்களும் இரண்டு பெண்களும் மட்டும் மிஞ்சினார்கள்.

“நான் லேசான குண்டுக்கே திரும்பிடணுமா?”

“முடிஞ்சா திரும்பலாம்.”

ஆனந்தவல்லி கனத்த குண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

“பாரத்தைக் குறைக்க முடியலைன்னா, மாஸ்டர்?”

மெர்சி எழுந்தாள். தன் ரைஃபிளைத் தாங்கியில் கிடத்தினாள். கம்பியை உள்ளே விட்டு ஒரே சீராகத் தள்ளினாள். சிவப்பு நூல் சுற்றியது. நிற்காமல் மறுபடி சுற்றியது. கம்பி நடுங்கவே இல்லை.

ஆனந்தவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பையிலிருந்து போனை எடுத்துச் செவ்வேளைக் கூப்பிட்டாள்.

அவன் பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். நாளை விடிவதற்குள் பூ வெட்ட வருவதாகச் சொன்னாள். சந்தைக்குப் போகும் லோடைத் தானே ஓட்டிப் போவதாகவும் சொன்னாள். பாதியில் விட்டுவைத்திருக்கும் புதுப் பசுமைக்குடிலைக் கட்டி முடிக்க ஆள் வரச்சொல்லும்படி கேட்டாள்.

செவ்வேள் தடுமாறினான். இப்போது எதற்கு இதெல்லாம் என்றான். இன்னும் வருஷம்கூடத் திரும்பவில்லையே, நாங்களெல்லாம் எதற்கு இருக்கிறோம், இன்னும் கொஞ்ச நாள் அமைதியாக இருக்கக் கூடாதா என்று கெஞ்சினான்.

அவள் குறுக்கிடாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“இருந்து பாத்துட்டேன் தம்பி” என்றாள். “வண்டிச் சாவியை எடுத்து வைங்க.”