பதினாலாம் நம்பர் டோக்கன்

உமையாள் காலேஜில் கடைசி வருஷம் படித்த காலம் அது. மதுரையில், ஆஸ்பத்திரி, ஆபீஸ்களில் வேலை சீராக நடக்க யோசனை சொல்லும் ஓர் ஆலோசனைக் கம்பெனியில் மூணு மாசப் பயிற்சிக்கு ரெண்டே ரெண்டு பேரை எடுத்தார்கள். அது கிடைத்தால்தான் மேலே படிக்க விடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அக்காவின் கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கே போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள். கூப்பிடும்போது மணி ரெண்டு.

உள்ளே முதலாளி பூபதிராஜ் சுழல் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் காத்துக் கிடந்த சனத்தை, அரை மணியில டாக்டரைப் பார்க்க வெச்சவன் நான். இந்த ஆபீஸ்ல எனக்கே தெரியாத ஒரு குறையைக் கண்டுபிடி பார்ப்போம். ஒரு நிமிஷம்தான். முடியலேன்னா கிளம்பு."

உமையாள் கையைப் பிரித்தாள். வேர்வையில் நனைந்த பதினாலாம் நம்பர் டோக்கனை மேஜைமேல் வைத்தாள்.

"காலையில ஒன்பது மணிக்குக் குடுத்தாங்க சார். வெளியில இன்னும் பதினோரு பேர் உட்கார்ந்திருக்காங்க."

"அதுக்கென்னம்மா? எனக்கு ஆயிரம் சோலி!"

"அந்த டாக்டரும் இதத்தான சார் சொல்லியிருப்பாரு? அவருக்கு நீங்க என்ன யோசனை சொன்னீங்க?"

பூபதிராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"யார் யார் எத்தனை மணிக்கு வரணும்னு எழுதி, வெளியில இருக்கவங்ககிட்டக் குடு. உனக்கு இதுதான் முதல் வேலை."

உமையாள் இப்போதும் ஆஸ்பத்திரியில் மகளுக்குத் தடுப்பூசி போட டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், அந்தச் சேலையின் கஞ்சி வாசம் எங்கிருந்தோ வந்துவிடும்.

"ஏம்மா தனியா சிரிக்கிற?" என்பாள் மகள்.

"எனக்கு வேலை வாங்கிக் குடுத்ததே இந்தக் காத்திருப்புதாண்டி!"